கேட்பதா, கேட்டு நடப்பதா?

'கன்சல்ட்' என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆங்கில வினைச்சொல். அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் பல பத்தாண்டுகள் பிடித்தன. நீதிபதிகளை நியமிப்பது யார் என்பதே அந்த ஒரு சொல்லில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

உடம்பு சரியில்லை என்றால் டாக்டரை 'கன்சல்ட்' செய்கிறோம். சொத்து வாங்குமுன் வக்கீலை 'கன்சல்ட்' செய்கிறோம். ஒரு சொல்லுக்கு அர்த்தம் தெரியாவிட்டால் அகராதியை 'கன்சல்ட்' செய்கிறோம். எந்த ஆங்கில ஆசிரியரும் இந்தச் சொல்லுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் செலவிடுவதில்லை. 'கலந்தாலோசி' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்.

உச்ச நீதிமன்றத்தால் அவ்வளவு சுலபமாகத் தாண்டிப் போக முடியவில்லை. 1977-ல் ஐந்து நீதிபதிகள், 1981-ல் ஏழு பேர், 1993-ல் ஒன்பது பேர், 1998-ல் மறுபடியும் ஒன்பது பேர், 2015-ல் ஐந்து பேர். நாற்காலிக் கணக்கில் பார்த்தால் 35. அத்தனை பேரும் உட்கார்ந்து நிறுத்துப் பார்த்த சொல் இது.

காரணம், அரசியல் சட்டத்தில் அந்தச் சொல் இருக்கும் இடம். 124-வது பிரிவின்படி உச்ச நீதிமன்ற நீதிபதியை ஜனாதிபதி நியமிக்க வேண்டும். அதற்கு முன் நீதிபதிகளைக் 'கன்சல்ட்' செய்ய வேண்டும். தலைமை நீதிபதி பதவியைத் தவிர மற்ற நியமனங்களில் இந்தியத் தலைமை நீதிபதியைக் கட்டாயம் கேட்க வேண்டும். 217-வது பிரிவு ஹைகோர்ட் நீதிபதிகளின் நியமனத்துக்கும், 222-வது பிரிவு அவர்களின் இடமாற்றத்துக்கும் இதே வினைச்சொல்லைப் பயன்படுத்துகின்றன. ஜனாதிபதி என்றால் நடைமுறையில் மத்திய அரசு.

சரி, கேட்டாகிவிட்டது. தலைமை நீதிபதி 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அரசு என்ன செய்யலாம்? கேட்டுக்கொண்டோம், நன்றி என்று சொல்லிவிட்டுத் தன் இஷ்டப்படி நியமிக்கலாமா? அல்லது அவர் சொன்னதற்குக் கட்டுப்பட வேண்டுமா? அரசியல் சட்டத்தின் வாக்கியம் அதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது.

ஒரே ஏணி, பல படிகள்

ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு உறவுக்காரர்கள் நிறைய. ஒவ்வொருவரும் ஒவ்வொரு படியில் நிற்கிறார்கள். ஒரு கல்யாண வீட்டை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்து, தேதியும் குறித்துவிட்டு, தாய்மாமனுக்குக் கடிதம் போட்டால் அது 'இன்ஃபார்ம்'. தகவல் சொல்வது மட்டுமே. முடிவு செய்வதற்கு முன்பு அவரை வரவழைத்து, ஜாதகத்தையும் குடும்ப விவரத்தையும் முன்னால் வைத்து, "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?" என்று கேட்டால் அது 'கன்சல்ட்'. எல்லோரும் கூடி உட்கார்ந்து சமமாக விவாதித்தால் அது 'கன்ஃபர்'. "இந்தப் பையனையே முடித்துவிடுங்கள்" என்று மாமனே பெயர் சொன்னால் அது 'ரெகமெண்ட்'. அப்பாவும் மாமனும் தனித்தனியே யோசித்து ஒரே முடிவுக்கு வந்தால் அது 'கன்கர்'. பெண் "சரி" என்று சொல்வது 'கன்சென்ட்'. தாத்தா மேலிருந்து தலையாட்டுவது 'அப்ரூவ்'.

மூலத்தைத் தேடிப் போனாலும் இந்த வேறுபாடு தெரிகிறது. 'கன்சல்ட்' வந்தது கூடி யோசிப்பது, அறிவுரை கேட்பது என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து. 'கன்கர்' என்பதன் வேர், சேர்ந்து ஓடுவது. 'கன்சென்ட்' என்பதன் வேர், சேர்ந்து உணர்வது. யோசிப்பவர்கள் ஒரே முடிவுக்கு வர வேண்டும் என்பதில்லை. சேர்ந்து ஓடுபவர்கள் ஒரே திசையில்தான் ஓடியாக வேண்டும்.

புழக்கத்திலும் ஒரு நுட்பம் உண்டு. விஷயம் தெரிந்தவரிடம் போய்க் கேட்கும்போது 'கன்சல்ட்' என்று நிறுத்திக்கொள்வார்கள்: டாக்டர், வக்கீல், அகராதி. சமமானவரோடு பேசிப் பார்க்கும்போது 'வித்' என்ற சிறு சொல்லைச் சேர்ப்பார்கள். இரண்டிலும் முடிவு கேட்டவர் கையில்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தை வாங்காமல் வந்தாலும் டாக்டரைக் 'கன்சல்ட்' செய்தது செய்ததுதான்.

தமிழில் இந்த ஏணி முழுவதையும் ஒரே வினைச்சொல் சுமக்கிறது: கேள். "வழி கேட்டான்" என்றால் விசாரித்தான். "பாட்டுக் கேட்டான்" என்றால் செவிகொடுத்தான். "அப்பா பேச்சைக் கேட்டான்" என்றால் கீழ்ப்படிந்தான். விசாரிப்பதிலிருந்து கீழ்ப்படிவது வரை உள்ள இந்த இடைவெளிக்குள்தான் இந்திய நீதித்துறையும் அரசும் இத்தனை காலம் இழுபறி நடத்தின.

அம்பேத்கர் சொன்ன மூன்றாவது வழி

சட்டத்தை எழுதியவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது என்று சொல்ல முடியாது. 1949 மே 24 அன்று அரசியல் நிர்ணய சபையில் இதே விஷயம் விவாதத்துக்கு வந்தது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற உறுப்பினர்கள் பி. போக்கர் சாகிபும் மெஹபூப் அலி பெய்க்கும் திருத்தங்கள் கொண்டுவந்தார்கள். தலைமை நீதிபதியைக் கேட்பது போதாது, அவருடைய 'கன்கரன்ஸ்' வேண்டும், அதாவது அவர் இசைந்தால்தான் நியமனம் என்பது அவர்கள் கோரிக்கை. நாடாளுமன்றத்தின் பங்கு வேண்டும் என்று வேறு சிலர் வாதிட்டார்கள்.

அம்பேத்கர் இரண்டு உதாரணங்களை எடுத்துவைத்தார். பிரிட்டனில் நியமனம் எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் அரசின் கையில் இருந்தது. அமெரிக்காவில் செனட் சபை இசைய வேண்டும். இரண்டுமே இந்தியாவுக்குப் பொருந்தாது, நடுவழி ஒன்று வேண்டும் என்றார். தலைமை நீதிபதி எவ்வளவு சிறந்தவராக இருந்தாலும் அவரும் விருப்பு வெறுப்புகள் உள்ள மனிதர்தான். ஜனாதிபதிக்கோ அரசுக்கோ தர விரும்பாத ரத்து அதிகாரத்தை ஒரு தனி மனிதரிடம் கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம். திருத்தங்கள் தோற்றன. 'கன்சல்டேஷன்' நிலைத்தது.

ஆக, 'கன்கரன்ஸ்' என்ற சொல் சபையின் முன் வைக்கப்பட்டது. சபை வேண்டாம் என்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1958-ல் எம்.சி. செதல்வாட் தலைமையிலான சட்டக் கமிஷன் ஹைகோர்ட் நியமனங்களுக்குத் தலைமை நீதிபதியின் இசைவைக் கட்டாயமாக்கலாம் என்று சிபாரிசு செய்தது. சட்டத்தின் வாசகம் மாறவில்லை.

சென்னையில் பிறந்த விளக்கம்

'கன்சல்ட்' என்றால் என்ன என்பதற்கு நாட்டின் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்ப எடுத்தாண்ட விளக்கம் சென்னையில் பிறந்தது. சென்னை மாகாண நகராட்சிச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு சாதாரண வழக்கு அது. நகராட்சி மன்றத்தைக் 'கன்சல்ட்' செய்த பிறகுதான் அரசு செயல்பட வேண்டும் என்றது சட்டம். 1953-ல் வெளியான தீர்ப்பில், பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியான கே. சுப்பாராவ் பொருள் சொன்னார்: இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மனங்கள் ஒரு விஷயத்தில் ஒன்றையொன்று தொட வேண்டும், சரியான, அல்லது ஓரளவாவது திருப்தியான, ஒரு முடிவை நோக்கி அது நகர வேண்டும். தபாலில் ஒரு காகிதம் அனுப்புவது ஆலோசனை ஆகாது.

ஆனால் அதே சொல் வேறோர் இடத்தில் வெறும் சம்பிரதாயமாகச் சுருங்கியது. அரசு ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்குமுன் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 320-வது பிரிவு. கட்டாயத்தைக் குறிக்கும் 'ஷல்' என்ற சொல்லும் கூடவே இருக்கிறது. ஆனாலும் 1957-ல், உத்தரப் பிரதேச ஊழியர் ஒருவரின் வழக்கில், ஆணையத்தைக் கேட்காமல் விட்டதால் மட்டும் நடவடிக்கை செல்லாததாகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

1966-ல் மாவட்ட நீதிபதிகள் நியமனத்தில் சொல்லின் மதிப்பு மறுபடி ஏறியது. 233-வது பிரிவின்படி கவர்னர் ஹைகோர்ட்டைக் கலந்தாலோசிக்க வேண்டும். உத்தரப் பிரதேச விதிகளோ ஒரு தேர்வுக் குழுவை நடுவில் நுழைத்திருந்தன. யாரைக் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதோ அவரைத்தான் கேட்க வேண்டும், வேறு ஒருவரைக் கேட்டுவிட்டு வருவது கலந்தாலோசனை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளைத் தள்ளியது. தீர்ப்பை எழுதியவர் அதே சுப்பாராவ்.

எமர்ஜென்ஸி கொடுத்த அடி

அதுவரை இது சட்ட வல்லுநர்களின் விவாதம். 1973 ஏப்ரலில் அரசியலானது. கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்த மறுநாள், ஜே.எம். ஷெலாட், கே.எஸ். ஹெக்டே, ஏ.என். குரோவர் ஆகிய மூன்று மூத்த நீதிபதிகளைத் தாண்டி ஏ.என். ராய் தலைமை நீதிபதியாக அறிவிக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினார்கள். 1976-ல், எமர்ஜென்ஸி நடுவே, 16 ஹைகோர்ட் நீதிபதிகள் மாநிலம் விட்டு மாநிலம் மாற்றப்பட்டார்கள்.

அவர்களில் ஒருவர், குஜராத்திலிருந்து ஆந்திரப் பிரதேசத்துக்கு மாற்றப்பட்ட சங்கல்சந்த் சேத், வழக்குப் போட்டார். நீதிபதியே வழக்காளியான அபூர்வ நிகழ்ச்சி. குஜராத் ஹைகோர்ட் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 1977-ல் விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது டில்லியில் ஆட்சி மாறியிருந்தது. அவரைக் குஜராத்துக்கே திருப்பி அனுப்ப அரசு ஒப்புக்கொண்டது. ஆனாலும் நீதிமன்றம் சொல்லின் பொருளை ஆராய்ந்தது. அகராதிகள் 'கன்சல்ட்' செய்யப்பட்டன. சுப்பாராவின் சென்னைத் தீர்ப்பு மேற்கோள் ஆனது.

அந்த வழக்கில் இரண்டு வினைச்சொற்கள் மோதின. மாற்றப்படும் நீதிபதியின் 'கன்சென்ட்' வேண்டுமா? தேவையில்லை என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். வேண்டும் என்றார்கள் பி.என். பகவதியும் என்.எல். உண்ட்வாலியாவும். தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிப்பது பெயரளவுக்கு இருக்கக் கூடாது, எல்லா விவரங்களும் அவர் முன் வைக்கப்பட வேண்டும் என்பது உறுதியானது. ஆனால் அவர் சொல்வது அரசைக் கட்டுப்படுத்தாது. தகுந்த காரணம் இருந்தால் அரசு மாறாக முடிவு செய்யலாம்.

நான்குக்கு மூன்று

1981-ல் மறுபடி வெடித்தது. கம்பராமாயண அறிஞராகவும் தமிழர்கள் அறிந்த சென்னை ஹைகோர்ட் தலைமை நீதிபதி மு.மு. இஸ்மாயில் கேரளாவுக்கு மாற்றப்பட்டார். அதை ஏற்காமல் பதவி விலகினார். அவர் இடத்துக்குப் பாட்னாவிலிருந்து மாற்றப்பட்ட கே.பி.என். சிங், வயதான தாயாரின் உடல்நிலையைச் சொல்லி எதிர்த்தார். அதே சமயம், கூடுதல் நீதிபதிகளிடம் வேறு மாநிலம் செல்லச் சம்மதம் கேட்டு, சட்ட அமைச்சர் பி. சிவசங்கர் அனுப்பிய சுற்றறிக்கை வக்கீல்களைக் கொதிக்க வைத்திருந்தது. எல்லா வழக்குகளும் ஒன்றாக ஏழு நீதிபதிகள் முன் வந்தன.

1981 டிசம்பர் 30 அன்று வந்த எஸ்.பி. குப்தா தீர்ப்பு அரசுக்குச் சாதகம். 'கன்சல்டேஷன்' என்றால் 'கன்கரன்ஸ்' அல்ல. இந்தியத் தலைமை நீதிபதி, ஹைகோர்ட் தலைமை நீதிபதி, கவர்னர் எல்லோருடைய கருத்தும் கேட்கப்பட வேண்டியவை. ஒன்று மற்றதை மிஞ்சாது. கடைசி வார்த்தை மத்திய அரசுக்கு. கே.பி.என். சிங்கின் மாற்றமும் செல்லும் என்றது பெரும்பான்மை.

அகராதி பார்த்தால் தீர்ப்பில் பிழை சொல்ல முடியாது. அரசியல் நிர்ணய சபை விவாதமும் அதன் பக்கம்தான். ஆனால் எழுபதுகளின் நினைவு இன்னும் ஆறவில்லை. அரசு கேட்கும், ஆனால் கேட்டு நடக்காது என்றால், எந்த நீதிபதி அரசுக்கு எதிராகத் துணிந்து தீர்ப்பு எழுதுவார் என்ற கேள்வி நின்றது.

தலைகீழான அர்த்தம்

1993 அக்டோபர் 6. ஒன்பது நீதிபதிகள், ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில், சொல்லைத் தலைகீழாகத் திருப்பினார்கள். ஐந்து பேர் சார்பில் ஜே.எஸ். வர்மா எழுதினார். தமிழகத்தைச் சேர்ந்த எஸ். ரத்தினவேல் பாண்டியனும், குல்தீப் சிங்கும் தனித்தனியே எழுதி உடன்பட்டார்கள். ஒரு வக்கீலின், நீதிபதியின் தகுதியை அருகிலிருந்து பார்த்து அறிந்தவர்கள் நீதிபதிகளே. எனவே தலைமை நீதிபதியின் கருத்துக்கு முதலிடம் உண்டு. அந்தக் கருத்துக்கு மாறாக நியமனம் கூடாது. ஆனால் அது தலைமை நீதிபதியின் தனிப்பட்ட கருத்தாக இருக்கக் கூடாது. அடுத்த இரண்டு மூத்த நீதிபதிகளையும் கலந்து உருவாக வேண்டும்.

ஏ.எம். அகமதியும் எம்.எம். பூஞ்சியும் உடன்படவில்லை. வரலாற்றின் குறும்பு, ஐந்து ஆண்டுகள் கழித்து அதே பூஞ்சி தலைமை நீதிபதியாக இருந்தபோதுதான் அவர் சிபாரிசுகளை ஒட்டி அரசுக்கும் நீதித்துறைக்கும் சிக்கல் எழுந்தது. 1998 ஜூலையில் ஜனாதிபதி கே.ஆர். நாராயணன் உச்ச நீதிமன்றத்திடமே விளக்கம் கேட்டார். தலைமை நீதிபதியை மட்டும் கேட்டால் 'கன்சல்டேஷன்' பூர்த்தியாகிவிடுமா?

ஆகாது என்று பதில் வந்தது 1998 அக்டோபர் 28-ல். உச்ச நீதிமன்ற நியமனம் என்றால் தலைமை நீதிபதி தன்னை அடுத்த நான்கு மூத்த நீதிபதிகளைக் கலந்தாலோசிக்க வேண்டும். ஹைகோர்ட் நியமனம் என்றால் இரண்டு பேரை. இன்று எல்லோரும் 'கொலீஜியம்' என்று சொல்வது இந்தக் குழுவைத்தான். அரசியல் சட்டத்தில் தேடினால் அந்தப் பெயர் கிடைக்காது. 'கன்சல்ட்' என்ற வினைச்சொல்லின் வயிற்றில் பிறந்த குழந்தை அது.

'அட்வைஸ்' என்றால் ஆணை

இது விபரீதமான விளக்கமா? ஆமாம் என்பவர்கள் அகராதியைக் காட்டுகிறார்கள். இல்லை என்பவர்கள் காட்டுவது அரசியல் சட்டத்திலேயே இருக்கும் இன்னொரு வினைச்சொல்லை: 'அட்வைஸ்'.

அன்றாட ஆங்கிலத்தில் அட்வைஸ் என்பது ஓசியில் கிடைப்பது; எடுத்துக்கொண்டாலும் சரி, விட்டாலும் சரி. ஆனால் 74-வது பிரிவின்படி அமைச்சரவை ஜனாதிபதிக்குச் சொல்லும் 'அட்வைஸ்' உத்தரவுக்குச் சமம். 1976-ல் வந்த 42-வது திருத்தம் அதை எழுத்திலேயே உறுதி செய்தது. 1978-ல் வந்த 44-வது திருத்தம் ஒரு சின்ன ஜன்னலைத் திறந்தது: ஜனாதிபதி ஒருமுறை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பலாம், அதே ஆலோசனை மறுபடி வந்தால் ஏற்க வேண்டும்.

1993, 1998 தீர்ப்புகளுக்குப் பின் 'கன்சல்ட்' வந்து சேர்ந்ததும் கிட்டத்தட்ட இதே இடத்துக்குத்தான். கொலீஜியம் தரும் பெயரை அரசு காரணம் சொல்லித் திருப்பி அனுப்பலாம். நீதிபதிகள் ஒருமனதாக வலியுறுத்தினால் நியமித்தாக வேண்டும்.

மறுபக்கத்துக்கும் ஆதாரம் உண்டு. பிரிட்டிஷ் அரசியல் அமைப்பைப் பற்றி 1867-ல் புத்தகம் எழுதிய வால்டர் பேஜட், முடிவெடுக்கும் அதிகாரம் போய்விட்ட பிறகும் ராணிக்கு எஞ்சியிருக்கும் உரிமைகளில் முதலாவதாகச் சொன்னது, அவரைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பது. அந்த மரபில் 'கன்சல்ட்' செய்யப்படுவது அதிகாரம் உள்ளவரின் உரிமை அல்ல. அதிகாரம் இல்லாதவருக்குத் தரும் மரியாதை.

சொல்லையே மாற்றிப் பார்த்தார்கள்

2014-ல் நாடாளுமன்றம் வேறு வழி கண்டது. அர்த்தத்தோடு மல்லுக்கட்டாமல் சொல்லையே மாற்றியது. 99-வது திருத்தத்தின் மூலம் 'கன்சல்டேஷன்' எடுக்கப்பட்டு, தேசிய நீதித்துறை நியமன ஆணையத்தின் 'ரெகமெண்டேஷன்' அந்த இடத்தில் வைக்கப்பட்டது. தலைமை நீதிபதி, இரண்டு மூத்த நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள் என்று ஆறு பேர். எந்த இரண்டு பேர் எதிர்த்தாலும் பெயர் நின்றுவிடும்.

2015 அக்டோபர் 16 அன்று உச்ச நீதிமன்றம் நான்குக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் திருத்தத்தை ரத்து செய்தது. நியமனத்தில் நீதித்துறையின் முதலிடம் அதன் சுதந்திரத்தோடு பிணைந்தது, அது அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்றது. ஜே. செலமேஸ்வர் மட்டும் மாறுபட்டார். பழைய சொல் பழைய இடத்துக்கே திரும்பியது. கூடவே 1993-ல் பெற்ற அர்த்தமும்.

வென்றவர்களுக்கும் முழுத் திருப்தி இல்லை. 1993 வழக்கில் வாதாடி ஜெயித்த ஃபாலி நரிமன், தன் சுயசரிதையில் அதை, ஜெயித்தும் தோற்றிருக்கலாம் என்று தான் நினைக்கும் வழக்காகக் குறிப்பிட்டார். மூடிய அறைக்குள் சில நீதிபதிகள் முடிவெடுப்பது அவருக்கு உவப்பாக இல்லை. அரசும் ஒரு பதில் ஆயுதம் கண்டுபிடித்தது. முடியாது என்று சொல்வதற்குப் பதில், பதிலே சொல்லாமல் கோப்பை வைத்துக்கொள்வது. 2021 ஏப்ரலில், வலியுறுத்தப்பட்ட பெயர்களை மூன்று நான்கு வாரங்களுக்குள் நியமிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கெடு விதிக்க நேர்ந்தது. இரண்டு மனங்கள் ஒன்றையொன்று தொட வேண்டும் என்று சுப்பாராவ் சொன்னது இரு பக்கத்துக்கும் மறந்துபோயிற்று.

மலையடிவாரத்தில் அதே சொல்

நீதிபதிகளுக்காவது தங்கள் சொல்லுக்குத் தாங்களே அர்த்தம் சொல்லும் வசதி இருந்தது. அந்த வசதி இல்லாதவர்களின் வாழ்க்கையிலும் இதே சொல் நுழைந்திருக்கிறது.

1996-ல் பழங்குடிப் பகுதிகளுக்குப் பஞ்சாயத்து ஆட்சியை விரிவாக்கும் சட்டம் வந்தது. அங்கே நிலம் கையகப்படுத்துமுன் கிராம சபையை அல்லது பஞ்சாயத்தைக் 'கன்சல்ட்' செய்ய வேண்டும் என்கிறது அது. அதே பிரிவில், சில வரிகள் தள்ளி, மணல், கல் போன்ற சிறு கனிமங்களுக்குக் குத்தகை தருவதற்கு மட்டும் அவர்களின் 'ரெகமெண்டேஷன்' கட்டாயம். கல் வெட்டுவதற்குச் சிபாரிசு வேண்டும். நிலத்தையே எடுத்துக்கொள்ள, கேட்டால் போதும். இரண்டு வினைச்சொற்களுக்கு நடுவே ஒரு கிராமத்தின் வயல்கள் கிடக்கின்றன. ஊருக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து, கூட்டம் போட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிப் போனால் கலந்தாலோசனை முடிந்தது என்று கணக்குக் காட்டிவிடலாம். அங்கே அகராதியைப் புரட்டிப் பார்க்க ஒன்பது நீதிபதிகள் உட்காருவதில்லை.

2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டம் இந்தப் பாடத்தைப் படித்திருந்தது. திட்டத்தின் சமூக விளைவுகளை ஆராயும் கட்டத்தில் பஞ்சாயத்தைக் 'கன்சல்ட்' செய்தால் போதும். ஆனால் தனியார் கம்பெனிக்காக நிலம் எடுப்பதென்றால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 சதவீதத்தின் 'கன்சென்ட்' வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்யும் திட்டம் என்றால் 70 சதவீதம். இரண்டு சொற்களும் ஒரே சட்டத்தில், அவரவர் இடத்தில். 2014 டிசம்பரில் வந்த அவசரச் சட்டம் சில வகைத் திட்டங்களுக்கு இந்தச் சம்மதத்திலிருந்து விலக்குத் தந்தபோது விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 2015 ஆகஸ்டில் அவசரச் சட்டம் காலாவதியாக விடப்பட்டது. கேட்பதற்கும் சம்மதம் பெறுவதற்கும் உள்ள தூரம் விவசாயிகளுக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது.

ஒடிசாவின் நியம்கிரி மலையில் அது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. பாக்சைட் சுரங்கத் திட்டத்தால் டோங்ரியா கோந்த் மக்களின் வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே பரிசீலித்து முடிவு சொல்லட்டும் என்று 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராயகடா, காளஹாண்டி மாவட்டங்களில் 12 கிராமங்களில் சபைகள் கூடின. பன்னிரண்டும் 'வேண்டாம்' என்றன. 2014 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதி மறுத்தது.

சட்டம் எழுதுபவர்களுக்கு 'கன்சல்ட்' வசதியான சொல். கேட்கிறோம் என்ற மரியாதையும் இருக்கும். கட்டுப்பட வேண்டிய தொல்லையும் இருக்காது. யாரைக் கேட்கிறோமோ அவர் பலசாலியாக இருந்தால் அந்தச் சொல்லை 'கன்கர்' வரை இழுத்துச் செல்வார். பலமில்லாதவராக இருந்தால் அது 'இன்ஃபார்ம்' வரை சரிந்துவிடும். சம்மதம் வேண்டும் என்று நினைப்பவர்கள் சம்மதம் என்றே எழுதிவிட வேண்டும். கருத்து மட்டும் போதும் என்றால், என்ன விவரங்களை முன்வைக்க வேண்டும், எத்தனை நாள் அவகாசம், கருத்தைத் தள்ளினால் எழுத்தில் காரணம் சொல்ல வேண்டுமா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

ஒரு கூட்டத்துக்கு அழைப்பு வந்து, "உங்களைக் கேட்டுத்தான் செய்வோம்" என்று அதிகாரி சொன்னால், விஷயம் தெரிந்த கிராமத்தார் இன்று அடுத்து வைக்கும் கேள்வி எளிமையானது: நாங்கள் வேண்டாம் என்றால் நிறுத்துவீர்களா?

பதிலில் இருக்கிறது அந்த வினைச்சொல்லின் அர்த்தம்.